ஒராங்கியின் சந்துகள்

அன்புள்ள கயல்,

மக்கள் கருத்துக் கேட்புக்குக் கேள்வித்தாள் எப்படித் தயாரிப்பது என்று கேட்டிருந்தாய். கேள்விகள் இருக்கட்டும். நீ கருத்துக் கேட்கும் தெருவுக்குள் போகும்போது முடிவு எடுத்தாகிவிட்டதா, இல்லையா என்பதை முதலில் விசாரி. சாலையின் அகலமும் பூங்காவின் இடமும் உறுதியான பிறகு பெஞ்சுக்கு என்ன நிறம் வேண்டும் என்று கேட்பதில் பயனில்லை. 1969-இல் அமெரிக்காவின் ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் மக்கள் பங்கேற்பை எட்டுப் படி ஏணியாக வகுத்தார். தகவல் சொல்வது மூன்றாவது படி, கருத்துக் கேட்பது நான்காவது. அதற்கும் மேலே போனால்தான் அதிகாரம் கைமாறத் தொடங்கும்.

அப்படிக் கைமாறியதைப் புரிந்துகொள்ள கராச்சியின் ஒராங்கியைப் படி. லட்சக்கணக்கானோர் தாங்களே வீடு கட்டிக் குடியேறிய பகுதி அது. வீடு இருந்தது, சாக்கடை இல்லை. கழிவுநீர் சந்துகளில் ஓடியது. 1980-இல் அக்தர் ஹமீது கான் அங்கே வேலையைத் தொடங்கினார். இந்திய சிவில் சர்வீஸ் பதவியை உதறியவர், இன்றைய வங்கதேசத்தின் கொமில்லாவில் கிராமக் கூட்டுறவுகளை வளர்த்தவர். அப்போது அவருக்கு அறுபது வயது கடந்திருந்தது. தெருத்தெருவாக நடந்து பேசினார். சாக்கடை போடுவது அரசின் வேலை, அதுவும் இலவசமாக என்றே மக்கள் நம்பியிருந்தார்கள். அரசோ வரவில்லை.

கான் தேர்ந்தெடுத்த அளவுதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஊர் முழுவதற்குமாக ஒரு சங்கம் என்று அவர் போகவில்லை. இருபது, முப்பது வீடுகள் கொண்ட சந்து ஒன்றையே ஓர் அலகாக வைத்தார். அங்கே எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். பணம் வாங்கியவர் கணக்குச் சொல்லாமல் தப்ப முடியாது. சந்துக்காரர்களே ஒருவரைப் பொறுப்பாளராகத் தேர்ந்தெடுத்தார்கள். கான் தொடங்கிய திட்டத்தின் ஆட்கள் அளந்து, வாட்டம் பார்த்து, வரைபடமும் எஸ்டிமேட்டும் போட்டுத் தந்தார்கள். கருவிகளை இரவல் கொடுத்தார்கள். கான்கிரீட்டை எப்படிக் கலப்பது, எத்தனை நாள் தண்ணீர் விடுவது என்று கற்றுக்கொடுத்தார்கள். பணத்தை மட்டும் தொடவில்லை. ஒப்பந்தக்காரர் இல்லை, வடிவமைப்பும் எளிது. அதனால் அரசு மதிப்பீட்டில் ஒரு சிறு பங்கிலேயே வேலை முடிந்தது.

ஏழைகள் ஏன் தம் கைக்காசைப் போட வேண்டும் என்று நீ கேட்பாய். அந்த உறுத்தல் எனக்கும் இன்றுவரை உண்டு. ஆனால் அரசைக் கழற்றிவிட்ட ஏற்பாடாக அதைப் பார்க்காதே. கழிப்பறை, சந்துக் குழாய், கிளைக் குழாய் வரை மக்கள் பொறுப்பு. பெருங்குழாயும் சுத்திகரிப்பும் அரசின் பொறுப்பு என்று கோடு கிழித்தார்கள். எங்கள் பங்கை முடித்துவிட்டோம், உங்கள் பங்கு எங்கே என்று கேட்கும் தெம்பு அந்தக் கோட்டிலிருந்து வந்தது. செலவும் கணக்கும் தெரிந்தவர்களிடம் அதிகாரி எளிதில் மழுப்ப முடியாது.

அங்கே வரைபடத்தின் வலிமையைக் காட்டியவர் பர்வீன் ரஹ்மான் என்ற கட்டடக்கலைஞர். கழிவுநீர் உண்மையில் இயற்கை ஓடைகளில்தான் போய்ச் சேர்கிறது என்பதை அவரும் அந்தப் பகுதி இளைஞர்களும் நடந்து நடந்து வரைந்து காட்டினார்கள். அந்த ஓடைகளைச் சீரமைத்தாலே போதும் என்ற வாதத்துக்கு அந்த வரைபடங்களே சான்றாக நின்றன. நகர விளிம்புக் கிராமங்களின் நிலங்களையும் அவர் ஆவணப்படுத்தினார். 2013 மார்ச் 13 அன்று அவரைச் சுட்டுக் கொன்றார்கள். தெருவை உள்ளபடி வரைவதைச் சிறிய வேலை என்று யாராவது சொன்னால் அவரை நினைத்துக்கொள்.

அடுத்த மாதம் களத்துக்குப் போகும்போது மாலையில் போ, வேலைக்குப் போனவர்கள் திரும்பியிருப்பார்கள். மண்டபத்தில் கூட்டம் போட்டால் வழக்கமாகப் பேசுபவர்கள்தான் பேசுவார்கள். அதனால் வாசல் வாசலாக நில். தண்ணீர் பிடிக்கும் பெண்களிடமும் வாடகைக்கு இருப்பவர்களிடமும் தனியாகக் கேள். எவ்வளவு பணம் இருக்கிறது, எதை மாற்ற முடியாது என்பதை முதல் நாளே சொல்லிவிடு. அவர்களோடு நடந்து வரைந்த வரைபடத்தில் ஒரு பிரதியை அந்தத் தெருவிலேயே கொடுத்துவிட்டு வா. அதன் பிறகு உன் கேள்வித்தாளை எனக்கு அனுப்பு, சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
சித்தப்பா