கேமரா வச்சாச்சு, அதோட கண்ணைத் துடைச்சீங்களா?

பேச்சிப்பாறை, சிற்றாறு, பத்துகாணி பக்கம் 2023-இல் புலி ஒன்று ஆடு மாடுகளை அடித்தது நினைவிருக்கும். வனத்துறை தானியங்கி கேமராக்களைக் கட்டி, நடமாட்டத்தைக் கவனித்து, ஜூலை மாதம் அதைப் பிடித்தது. அதற்குப் பிறகு இந்தப் பக்கத்து விளைகளிலும் கேமரா கட்டுவது கூடியிருக்கிறது. புலிக்காக மட்டும் இல்லை. மட்டி வாழைக்குலை, நல்லமிளகு, ரப்பர் ஷீட்டு, தேன்பெட்டி என்று காவல் வேண்டிய பொருள் நிறைய. அன்னாசிக்கும் மரச்சீனிக்கும் பன்றி வேறு.

கட்டுவது ஒருநாள் வேலை. பராமரிப்புதான் பாடு. சமவெளிக்காரர்கள் சொல்லும் முறை இங்கே அப்படியே செல்லாது. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் பெய்கிற மலையடிவாரம் இது.

முதல் எதிரி ஈரம். கேமராவுக்கு வெளியே தண்ணீர் தாங்கும் உறை இருக்கும். ஆனால் தண்ணீர் கேமரா வழியாக உள்ளே போவதில்லை, வயர் இணைப்பு வழியாகப் போகும். இணைப்புக்கு மேலே இன்சுலேஷன் டேப் சுற்றினால் போதும் என்று நினைக்காதீங்க. ஒரு மழைக்காலம் தாண்டாது. இணைப்பை மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிக்குள் வையுங்க, வயர் நுழையும் துளை கீழ்ப்பக்கம் இருக்கட்டும். நுழைவதற்கு முன் வயரை ஒரு சாண் கீழே தொங்கவிட்டு வளைத்து மேலே கொண்டுபோங்க. வயரில் வழிந்து வரும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். பாக்கித் துளையை அடைத்துவிட்டால் எறும்பும் பல்லியும் குடியேறாது. கண்ணாடிக்கு உள்பக்கம் பனி படர்ந்தால் துடைத்துப் பயனில்லை. நல்ல வெயில் நாளில் திறந்து உலர்த்தி, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை உள்ளே போட்டு மூட வேண்டும்.

அடுத்தது சிலந்தி. இரவில் கேமராவின் அகச்சிவப்பு விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சியைத் தேடி சிலந்தி வரும், கண்ணுக்கு முன்னாலேயே வலை கட்டும். வலை ஆடுகிற ஒவ்வொரு முறையும் 'ஆள் நடமாட்டம்' என்று போனுக்குச் செய்தி வரும். பத்து நாள் பொய்ச் செய்தி வந்தால் பதினோராம் நாள் நாமே எடுத்துப் பார்க்க மாட்டோம். கள்ளன் வருவது அன்றைக்காக்கும்! இதற்காகப் பூச்சிமருந்து அடிக்க வேண்டாம். சிலந்தி நம்ம வயலுக்கு வேலைக்காரன், மருந்து கண்ணாடிக்கும் நல்லதில்லை. வாரம் ஒருமுறை ஒட்டடைக்கம்பால் தட்டிவிட்டு, ஈரப் பருத்தித் துணியால் துடைத்தால் போதும். தொல்லை ரொம்ப இருந்தால், கேமராவின் சொந்த விளக்கை அணைத்துவிட்டு, தனி அகச்சிவப்பு விளக்கை ஐந்தாறு அடி தள்ளிக் கட்டுங்க. பூச்சியும் சிலந்தியும் அங்கே போய்விடும்.

மின்இணைப்பு இல்லாத விளைகளில் சோலார்தான். இங்கேதான் கணக்குத் தப்புகிறது. 5 வாட் கேமரா ஒரு நாளைக்கு 120 வாட்மணி தின்னும். நல்ல வெயிலில் நான்கு மணி நேரம் முழு வெளிச்சம் கிடைத்தால் 50 வாட் பேனல் சமாளிக்கும். ஆடி மாதம் இரண்டு மணி நேரம் கிடைப்பதே அரிது. இழப்பையும் சேர்த்துப் பார்த்தால் 100 வாட் வேண்டும். மூன்று நாள் மூடம் போட்டாலும் ஓட, 12 வோல்ட் பேட்டரியில் 30 ஆம்பியர்மணி தேவை. லெட்-ஆசிட் பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கக்கூடாது என்பதால் 60 ஆம்பியர்மணிப் பேட்டரியே வாங்குங்க. அதற்கு டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்ற வேண்டும், கிணற்றுத் தண்ணீர் ஆகாது. ரப்பர் மரத்தடியில் பேனல் வைப்பது வீண்வேலை. இலை உதிரும் தை, மாசியில் மட்டும் வெயில் விழும், அப்போது சருகு பேனலை மூடும். பேனலைக் காலையிலோ மாலையிலோ கழுவுங்க, சுடுகிற கண்ணாடியில் பச்சைத்தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

இடிமழைக் காலத்தில், சித்திரையிலும் ஐப்பசியிலும், வானம் கறுத்ததுமே அடாப்டரையும் நெட் வயரையும் பிடுங்கிவிடுவது நல்லது. எர்த் குழிக்குக் கோடையில் தண்ணீர் ஊற்றி, வயர்மேனை வைத்து ஆண்டுக்கு ஒருமுறை சோதிக்கச் சொல்லுங்க.

பெரும்பாலானோர் பார்க்காத இடம் பதிவு. போனில் நேரலை தெரிகிறது, எல்லாம் சரி என்று இருப்போம். ஹார்டு டிஸ்க் என்றோ நின்றிருக்கும். மாதம் ஒருமுறை, போன வாரம் ராத்திரி 2 மணிப் படத்தை எடுத்துப் பாருங்க. வருகிறதா? மூலையில் தேதி, நேரம் சரியா? கரண்ட் போய் வந்தபின் நேரம் பழைய வருடத்துக்கு ஓடிவிடும் கருவிகள் உண்டு. பன்றி அழித்ததற்கு வனத்துறையில் மனு கொடுக்கும்போதும், திருட்டுப் புகாரின்போதும் அந்தத் தேதிதான் பேசும். நீதிமன்றம் வரை போனால், 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுப்படி, மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழும் இணைக்க வேண்டும்.

பன்றி விஷயத்தில் 2025 ஜனவரியில் அரசு அறிவித்தது இது: காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ.க்குள் சுட அனுமதி இல்லை, 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விடலாம், அதற்கு அப்பால் வனத்துறையினரே சுடுவார்கள். பேச்சிப்பாறைச் சுற்றில் பல விளைகள் காட்டை ஒட்டியவை. ஆகவே நமக்கு முன்கூட்டித் தெரிவதும் விரட்டுவதும்தான் வழி. கள்ள மின்வேலிக்குப் போகிறவர்கள் 2023 மார்ச்சில் தருமபுரி மாரண்டஅள்ளியில் மூன்று யானைகள் மின்வேலியில் செத்ததை மறக்கக்கூடாது. அங்கே செத்தது யானை. இங்கே அதிகாலை இருட்டில் ரப்பர் வெட்டப் போகிற ஆள்களும் உண்டு.

கேமரா திரும்பியிருக்கும் திசையையும் பார்த்துக்கிடுங்க. பக்கத்து வீட்டு முற்றமோ, பெண்கள் குளிக்கிற ஓடைத்துறையோ படத்தில் விழக்கூடாது. வேலையாள்களிடம் கேமரா இருக்கிற இடத்தைச் சொல்லிவிடுங்க. கடைக்காரர் போட்டுத்தந்த பாஸ்வேர்டை அன்றைக்கே மாற்றுங்க. நான்கு கேமராவுக்கு 1 டி.பி. டிஸ்க் ஏறக்குறைய மூன்று வாரம் தாங்கும், பிறகு பழையதன் மேலேயே எழுதும். ஏதாவது நடந்தால் அன்றே அந்தத் துண்டை பென்டிரைவில் எடுத்துவைக்க வேண்டும்.