குத்துச்சண்டை மேடையில் முதற்படி

குத்துச்சண்டை என்றதும் நம்மில் பலர் முகம் சுளிப்பதுண்டு. “ஒருவரை ஒருவர் அடித்துக்கொள்வது ஒரு விளையாட்டா?” என்று நம் தாய்மார்கள் கேட்பார்கள். கேள்வி நியாயமானதே. அதற்கு விடை தேடுமுன், அத்தொழிலில் புதிதாக நுழையும் ஒருவர் எப்படி ஆரம்பிக்கிறார் என்று காண்போம். நம் நாட்டு வீரர் விஜேந்தர் சிங்கின் வரலாறு அதற்கு நல்ல பாடம்.

விஜேந்தர் ஹரியானா மாநிலம் பிவானி மாவட்டத்துக் காலுவாஸ் கிராமத்தில் 1985 ஆம் ஆண்டு பிறந்தவர். தந்தை அரசுப் பேருந்து ஓட்டுநர். பிள்ளைகளின் படிப்புக்காகக் கூடுதல் நேரம் வண்டி ஓட்டியவர். பிவானி குத்துச்சண்டைக் கழகத்தில் ஜகதீஷ் சிங் என்னும் பயிற்சியாளரிடம் விஜேந்தர் பயின்றார். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 75 கிலோ பிரிவில் வெண்கலப் பதக்கம் வென்றார். ஒலிம்பிக் குத்துச்சண்டையில் இந்தியா பெற்ற முதல் பதக்கம் அதுவே. 2010 ஆசிய விளையாட்டில் தங்கமும் பெற்றார். ஹரியானா காவல்துறையில் துணைக் கண்காணிப்பாளர் பதவியும் கிடைத்தது.

இத்தனையும் பெற்றவர் 2015 ஆம் ஆண்டு ஜூன் மாதம், இங்கிலாந்து நாட்டு நிறுவனம் ஒன்றுடன் ஒப்பந்தம் செய்து தொழில்முறை வீரரானார். அப்போது இருந்த விதிப்படி, தொழில்முறை வீரர் ஒலிம்பிக்கில் பங்குகொள்ள முடியாது. ஆகவே இன்னொரு பதக்கம் வெல்லும் வாய்ப்பை அவர் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. 2016 ஜூனில் அந்த விதி தளர்த்தப்பட்டது. ஆயினும் அவர் ரியோ ஒலிம்பிக்கில் ஆடவில்லை.

அமெச்சூர் சண்டைக்கும் தொழில்முறைச் சண்டைக்கும் என்ன வேறுபாடு? ஒலிம்பிக்கில் ஆண்களுக்கு மும்மூன்று நிமிடமாக 3 சுற்றுகள். ஆக மொத்தம் 9 நிமிடங்கள். தொழில்முறையில் 4 சுற்றில் தொடங்கி, பெரிய பட்டங்களுக்கு 12 சுற்றுவரை, அதாவது 36 நிமிடங்கள் போரிட வேண்டும். அமெச்சூர் வீரர் மேலே பனியன் அணிந்திருப்பார். தொழில்முறை வீரருக்கு அதுவும் இல்லை. முதல் நிமிடத்திலேயே வலிமை முழுவதையும் செலவழிப்பவர் எட்டாவது சுற்றில் கையைத் தூக்கவும் இயலாமல் நிற்பார். எனவே மூச்சையும் பலத்தையும் சிக்கனமாகச் செலவிடுவதே புதியவர் கற்க வேண்டிய முதற்பாடம்.

நம் அருள்புரத்தில் பனியன் கம்பெனிக்குப் புதிதாக வருபவரை உடனே ஓவர்லாக் மிஷினில் உட்கார வைப்பதில்லை. முதலில் கூடமாட உதவி செய்து, துணியைக் கையாளப் பழகிய பிறகே மிஷின் கைக்கு வரும். விஜேந்தரும் அவ்வாறே அடிமட்டத்திலிருந்து தொடங்கினார். 2015 அக்டோபர் 10 அன்று மான்செஸ்டர் நகரில் நடந்த முதற்போட்டி 4 சுற்றுகளுக்கு உரியது. எதிராளி சன்னி வைட்டிங்கை மூன்றாம் சுற்றில் வென்றார். அடுத்த மாதம் டப்ளினில் இரண்டாவது வெற்றி. டிசம்பரில் மீண்டும் மான்செஸ்டரில் மூன்றாவது. அதன்பின் 6 சுற்றுப் போட்டிகள், 8 சுற்றுப் போட்டி என்று நீளம் கூடிக்கொண்டே சென்றது. முதல் ஆறு போட்டிகளிலும் முழுச்சுற்றும் ஆடும் தேவை அவருக்கு ஏற்படவில்லை.

உண்மையான சோதனை ஏழாவது போட்டியில் வந்தது. 2016 ஜூலை 16 அன்று டெல்லி தியாகராஜ் அரங்கில், முன்னாள் ஐரோப்பிய சாம்பியன் கெர்ரி ஹோப்பை எதிர்கொண்டார். பத்துச் சுற்றுகளும் முழுமையாக நடந்தன. மூன்று நடுவர்களும் விஜேந்தருக்கே வெற்றி அளித்தனர். ஆசிய பசிபிக் சூப்பர் மிடில்வெயிட் பட்டம் அவருடையதாயிற்று. 9 நிமிட வீரர் 30 நிமிட வீரராக மாற ஒன்பது மாதங்களும் ஆறு போட்டிகளும் தேவைப்பட்டன. அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் அன்றோ!

உலகப் புகழ் பெற்ற முகமது அலியும் இப்படித்தான் தொடங்கினார். 1980 ஆம் ஆண்டில் சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் காட்சிப் போட்டி ஆடியவர் அவர். காசியஸ் கிளே என்ற பெயரில் 1960 ரோம் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றபோது அவருக்கு வயது 18. ஆனால் அவ்வாண்டு அக்டோபரில் அவருடைய முதல் தொழில்முறைப் போட்டி வெறும் 6 சுற்றுதான். உலகப் பட்டம் 1964 இல், இருபதாவது போட்டியில் வந்தது. அவரை ஆதரித்த லூயிவில் நகர வணிகர்கள், அவருடைய வருமானத்தில் ஒரு பகுதியைப் பிற்காலத்துக்கென ஒதுக்கி வைத்தார்கள். உடலே முதலாக உள்ள தொழிலில் சம்பாதிக்கும் காலம் குறுகியது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். நம் பெற்றோரின் சம்பளத்தில் பிடிக்கப்படும் பி.எஃப். பணத்தின் நோக்கமும் இதுவே.

இனித் தாய்மார்களின் கேள்விக்கு வருவோம். குத்துச்சண்டையில் ஆபத்து உண்டு. தலையில் படும் அடிகள் மூளைக்குக் கேடு விளைவிக்கலாம். அதனால்தான் மேடையில் நடுவர் நிற்கிறார். ஒருவர் தம்மைக் காத்துக்கொள்ளும் நிலையில் இல்லையென்றால் அவர் உடனே ஆட்டத்தை நிறுத்துவார். இதற்கு டெக்னிக்கல் நாக்-அவுட் என்று பெயர். தொடர்ந்து 12 போட்டிகளில் வென்ற விஜேந்தருக்கும் 2021 மார்ச்சில் கோவாவில் அந்நிலை வந்தது. ஐந்தாம் சுற்றில் நடுவர் நிறுத்தினார். அது அவருடைய முதல் தோல்வி. அடுத்த ஆண்டு ராய்ப்பூரில் மீண்டும் மேடையேறி வென்றார். தோற்றவர் நலமாக வீடு திரும்ப வழிசெய்யும் விதி இருப்பதால்தான் இதை விளையாட்டு என்கிறோம். அவ்விதி இல்லையேல் அது வெறும் அடிதடியே.

இம்மேடை ஆண்களுக்கு மட்டும் உரியதன்று. மணிப்பூரைச் சேர்ந்த சரிதா தேவி, தாயான பின்பும் பயிற்சியை விடாமல், 2017 ஜனவரி 29 அன்று இம்பாலில் தம் முதல் தொழில்முறைப் போட்டியில் வென்றார்.

மாணவியரே, நம்மில் சிலர் இவ்வாண்டு பள்ளியை முடித்துக் கல்லூரிக்குச் செல்வோம். சிலர் வேலைக்குச் செல்வோம். இங்கு பெற்ற பரிசும் மதிப்பெண்ணும் அங்கே வாசலைத் திறக்கும். உள்ளே சென்றபின் மறுபடி முதற்படியில்தான் நிற்க வேண்டும். அதில் வெட்கமில்லை. கையெழுத்திடுமுன் ஒப்பந்தத்தைப் படியுங்கள், வரும் பணத்தில் ஒரு பங்கைச் சேமியுங்கள், உடல்நலத்தைக் காத்துக்கொள்ளுங்கள். நான்கு சுற்றை ஒழுங்காக ஆடப் பழகியவருக்குப் பத்தாம் சுற்றிலும் மூச்சு மிஞ்சும்.