படியும் எடையும்

முல்லைப் பெரியாற்று நீரால் செழித்த கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர்த் திராட்சை பந்தல்தோறும் கொத்துக் கொத்தாய்த் தொங்கும். இக்கனி 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. இதனைக் கொண்டு ஜாம் காய்ச்சுவோர் பழத்தின் எடைக்கு எடை சர்க்கரை சேர்ப்பது வழக்கம். எடையை விடுத்து, ‘பழம் ஒரு படி, சர்க்கரை ஒரு படி’ என்று அளந்தால் என்ன நேரும்? ஆறிய ஜாமில் சர்க்கரை மணல்மணலாய் உறையக்கூடும். பொருளும் உழைப்பும் வீணே.

குறை படியில் இல்லை. பழத்தின் வடிவில் உள்ளது. உருண்டைகளை எவ்வளவு நெருக்கி நிரப்பினும் அவற்றிடையே வெற்றிடம் எஞ்சும். திராட்சை நிறைந்த பாத்திரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு காற்றே! ஒரு லிட்டர்ப் பாத்திரம் ஒரு கிலோகிராம் தண்ணீர் கொள்ளும். காம்பு நீக்கிய திராட்சையோ சுமார் 640 கிராமே கொள்ளும். பொடிமணிகளாகிய சர்க்கரை அதில் 850 கிராம் அளவு அடங்கும். ஆகவே, சமமாய் அளந்ததாக எண்ணியவர் லிட்டருக்கு சுமார் 210 கிராம் சர்க்கரையை மிகையாக இட்டவராவார். பழத்தைப் பிசைந்து அளந்தாலோ காற்று அகன்றுவிடும். கணக்கு மீண்டும் மாறும்.

வீட்டில் தராசு இல்லாதார், உதிர்த்த பழம் ஒரு படியைக் கடைத் தராசில் ஒருமுறை நிறுத்து, அவ்வெடையைப் படியின் அடியிலேயே எழுதி வைக்கலாம். சர்க்கரை எப்படியும் கிலோக் கணக்கில்தான் வருகிறது.