பழைய விண்டோஸ், புதிய டிஸ்க்: காப்பி செய்தால் மட்டும் போதாது

எங்கள் ஊர் பொம்மையார்பாளையம். புதுச்சேரியை ஒட்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள கடலோரக் கிராமம். தமிழக அரசு 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், பிளஸ் டூ படித்த என் மகளுக்கு ஒரு லேப்டாப் கிடைத்தது. அதில்தான் என் அப்பா தமிழ் டைப்பிங் பழகினார். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என எந்தக் காற்றில் எந்த மீன் படும் என்பதை எல்லாம் பொறுமையாக டைப் செய்து வைத்தார்.

அப்பா இப்போது இல்லை. அவர் பயன்படுத்தியது யூனிகோடு அல்லாத பழைய எழுத்துரு. வேறு கம்ப்யூட்டரில் அந்தப் பைலைத் திறந்தால் புரியாத ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான் தெரியும். அந்தத் தமிழ் சாப்ட்வேரின் சிடியும் தொலைந்துவிட்டது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அதன்பின் சில நாட்கள் எங்கள் வீட்டில் கரண்ட் வந்து வந்து போனது. லேப்டாப்பின் பேட்டரி ஏற்கெனவே செயலிழந்திருந்ததால், ஒவ்வொரு முறையும் அது பட்டென்று அணைந்தது. பிறகு ஒருநாள் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து 'டிக், டிக்' என்று சத்தம் கேட்டது. புதிய டிஸ்க் வாங்கினேன். சி டிரைவில் உள்ள எல்லாவற்றையும் காப்பி செய்து அதில் பேஸ்ட் செய்தேன். மாட்டி ஆன் செய்தால், ஆப்பரேட்டிங் சிஸ்டமே இல்லை என்று செய்தி வந்தது!

ஏன் இப்படி?

கம்ப்யூட்டரை ஆன் செய்தவுடன் பயாஸ் முதலில் தேடுவது பைல்களை அல்ல. டிஸ்க்கின் முதல் 512 பைட்டுகளை. மாஸ்டர் பூட் ரெக்கார்ட் எனப்படும் இந்த இடத்தில் 446 பைட்டுகள் தொடக்க நிரல். 64 பைட்டுகள் பார்ட்டிஷன் பட்டியல். மீதி 2 பைட்டுகள் அடையாளக் குறி. இது எந்த போல்டரிலும் இல்லை. எனவே காப்பி, பேஸ்ட் இதைத் தொடுவதே இல்லை. மேலும், விண்டோஸ் இயங்கும்போது ரெஜிஸ்ட்ரி போன்ற சில பைல்கள் பூட்டப்பட்டிருக்கும். அவையும் காப்பி ஆகாது.

புதிய கம்ப்யூட்டர்களில் பயாஸுக்குப் பதில் யுஇஎப்ஐ உள்ளது. அங்கே தொடக்க நிரல் இ.எப்.ஐ. என்ற சிறிய பார்ட்டிஷனில் மறைந்திருக்கும். இரண்டுக்கும் தீர்வு ஒன்றுதான்: டிஸ்க்கை முழுதாக அப்படியே படியெடுப்பது. இதனை குளோனிங் என்பார்கள்.

என்ன வாங்க வேண்டும்?

பழைய லேப்டாப்புக்கு 2.5 அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி. பொருந்தும். அளவில்தான் கவனம் வேண்டும். தயாரிப்பவர்கள் ஆயிரம் ஆயிரமாகக் கணக்கிடுவார்கள். விண்டோஸ் 1,024 என்று கணக்கிடும். ஆகவே 320 ஜிபி டிஸ்க் 298 என்று தெரியும். 240 ஜிபி டிஸ்க் 223 என்று தெரியும். பழையதைவிடச் சிறிய டிஸ்க்கை குளோனிங் புரோகிராம் சாதாரணமாக ஏற்காது. நான் 480 ஜிபி வாங்கினேன். கூடவே அதை யு.எஸ்.பி.யில் இணைக்க ஒரு கேஸும் தேவை.

செய்யும் முறை

1. முதலில் முக்கியமான பைல்களை மட்டும் ஒரு பென் டிரைவில் காப்பி செய்திடுங்கள். நோயாளி டிஸ்க் எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது. டிஸ்க்கே தெரியவில்லை என்றால் மீண்டும் மீண்டும் ஆன் செய்யாமல், டேட்டா மீட்பவர்களிடம் கொண்டு செல்லுங்கள்.

2. விண்டோஸை ஷட் டவுன் முறையில் மூடுங்கள், ஹைபர்னேட் வேண்டாம். விண்டோஸ் 8 முதல் வந்த பதிப்புகளில் பாஸ்ட் ஸ்டார்ட்டப் வசதியையும் நீக்கிவிடுங்கள். பிட்லாக்கர் இயங்கினால் அதன் ரெகவரி கீயை எழுதி வைத்துக்கொண்டு, அதை நிறுத்திவிடுங்கள்.

3. வேறு கம்ப்யூட்டரில் குளோன்ஜில்லா என்ற இலவசப் புரோகிராமை டவுன்லோட் செய்து, ரூபஸ் மூலம் காலியான இன்னொரு பென் டிரைவில் பதியுங்கள். அந்தப் பென் டிரைவில் ஏற்கெனவே உள்ளவை அழிந்துவிடும்.

4. யு.பி.எஸ். அல்லது இன்வெர்ட்டர் உள்ள இடத்தில் அமருங்கள். நான் நண்பர் வீட்டுக்குப் போனேன். இந்தப் பென் டிரைவிலிருந்து லேப்டாப்பை பூட் செய்து, டிவைஸ் டு டிவைஸ், பிகினர் மோட், டிஸ்க் டு லோக்கல் டிஸ்க் என வரிசையாகத் தேர்ந்தெடுங்கள்.

5. இப்போது சோர்ஸ் எது, டார்கெட் எது என்று கேட்கும். சோர்ஸ் பழையது, டார்கெட் புதியது. மாற்றிக் கொடுத்தால் காலி டிஸ்க் உங்கள் டிஸ்க் மேல் படியும், எல்லாம் போய்விடும். வரிசையை நம்ப வேண்டாம். அளவையும் மாடல் பெயரையும் முன்பே தாளில் எழுதி வைத்து ஒப்பிடுங்கள். அது உறுதி கேட்கும் ஒவ்வொரு முறையும் நான் தாளைப் பார்த்தேன். எனக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆனது.

6. முடிந்ததும் பழைய டிஸ்க்கைக் கழற்றி, புதியதை மட்டும் மாட்டி பூட் செய்திடுங்கள். இரண்டுக்கும் ஒரே அடையாள எண் இருப்பதால், சேர்ந்து இருந்தால் விண்டோஸ் குழம்பும்.

எங்கள் லேப்டாப்பில் விண்டோஸ் 7-உடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. முழு டிஸ்க்கையும் படியெடுத்ததால், எதைத் திறப்பது என்று கேட்கும் பட்டியல்கூட அப்படியே வந்தது.

கவனிக்க வேண்டியவை

இந்த முறை அதே கம்ப்யூட்டரில் டிஸ்க் மாற்றுவதற்கு. குளோன் செய்ததை வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால் டிரைவர் பொருந்தாமல் நீலத் திரை வரலாம். லைசென்ஸ் சிக்கலும் வரலாம். விண்டோஸ் 7-க்கான பாதுகாப்பு அப்டேட்கள் பொதுப் பயனாளர்களுக்கு 2020 ஜனவரி 14-லும், விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-லும் முடிந்தன. எனவே எங்கள் லேப்டாப்பை இன்டர்நெட்டில் இணைப்பதில்லை. பேங்க் வேலைகளுக்கு அது கூடவே கூடாது.

பழைய டிஸ்க்கை உடனே பார்மட் செய்யாதீர்கள். குறைந்தது ஒரு மாதமாவது தனியே வைத்திருங்கள். நான் இன்னும் பீரோவில் வைத்திருக்கிறேன்.

புதிய டிஸ்க்கில் முதலில் திறந்தது அப்பாவின் பைலைத்தான். தமிழ் எழுத்துகள் சரியாக வந்தன. இப்போது மாலை நேரங்களில் அதைப் பார்த்து, என் புதிய கம்ப்யூட்டரில் யூனிகோடில் டைப் செய்து வருகிறேன். டிஸ்க் மாற்றியது அவகாசம் தந்திருக்கிறது, அவ்வளவுதான். எந்த டிஸ்க்கும் ஒருநாள் நிற்கும். உங்கள் வீட்டிலும் பழைய எழுத்துருவில் எதாவது இருந்தால், 'டிக், டிக்' கேட்கும்வரை காத்திருக்காதீர்கள்.