குடியை நிறுத்தப்போகிறவர் வீட்டில்

"நாளையிலிருந்து தொடமாட்டேன்" என்று அவர் சொன்னால் சந்தோஷம்தான். ஆனால் பல வருடமாகத் தினமும் நிறையக் குடித்தவரை மருத்துவரிடம் காட்டாமல் திடீரென நிறுத்த வைக்காதீர்கள். 6 முதல் 24 மணி நேரத்துக்குள் கைநடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் 2 நாளில் வலிப்பு வரலாம். 2, 3 நாளில் சிலருக்கு இல்லாத பூச்சி ஊர்வது தெரியும், ஆள் அடையாளம் குழம்பும். உயிருக்கே ஆபத்தான கட்டம் இது. பேய், காத்துக்கருப்பு என்று நேரத்தை வீணாக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள்.

அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் மாத்திரை கலப்பது வேண்டவே வேண்டாம். குடியை நிறுத்தத் தரப்படும் டைசல்ஃபிராம் மாத்திரை உள்ளே போனவர் குடித்தால் நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் சரிந்து, உயிரே போகலாம்.

தூக்கம் வராமல், மனபாரம் தாங்காமல் குடிக்கத் தொடங்கியவர்கள் நிறையப் பேர். மது முதலில் கண்ணைச் செருக வைக்கும். நடுராத்திரியில் எழுப்பிவிடும், மனச்சோர்வையும் கூட்டும். அதனால் மனச்சோர்வுக்கும் சேர்த்தே சிகிச்சை கேளுங்கள். "செத்துடலாம்போல இருக்கு" என்றால் போதை உளறல் என்று ஒதுக்காதீர்கள்.

போதை மீட்புக்கு 14446, மனநலத்துக்கு டெலி மானஸ் 14416. இரண்டும் இலவசம். மனைவியும் அம்மாவும்கூடத் தங்களுக்காகப் பேசலாம்.