தோட்டத்து ஆபீசுக்கு எந்த சர்வர்?



சர்வர் என்றால் ஓட்டலில் தோசை கொண்டு வருபவர் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கம்ப்யூட்டர் சர்வரும் கிட்டத்தட்ட அந்த வேலைதான் செய்கிறது. பல மேசைகளில் கேட்பதை உள்ளே போய் எடுத்து வந்து கொடுக்கும்.

இதை நான் ஏன் படித்தேன் என்று சொல்கிறேன். எங்கள் அம்மா ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கிற வேலைக்குப் போகிறார். போன மழைக்காலத்தில் இடி இடித்தபோது தோட்டத்து ஆபீஸ் கம்ப்யூட்டர் கெட்டுப் போச்சு. வேலைக்கு வந்த ஆள் கணக்கு அதில்தான் இருந்தது. அம்மாவுக்கு மூன்று நாள் சம்பளம் இல்லை என்றார்கள். கங்காணி நோட்டில் தேடியதில் இரண்டு நாள் கிடைத்தது. ஒரு நாள் கிடைக்கவே இல்லை.

பிறகு ஆபீசில் புது சர்வர் வாங்கப் பேசினார்கள். அங்கே ஆறு கம்ப்யூட்டர், ஒரே ஒரு இன்டர்நெட் லைன். ஏலக்காய் விலை பார்க்க லைன் கட்டாயம் வேண்டும். போடியிலும் புத்தடியிலும் ஸ்பைசஸ் போர்டு மின்னணு ஏலம் நடக்கிறது. 2021 முதல் வியாபாரிகள் இரண்டில் எந்த ஊரில் இருந்தும் ஏலம் கேட்கலாம்.

விற்க வந்தவர் பெரிய சர்வர்தான் வேண்டும் என்றார். போடியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற எங்கள் சித்தப்பா வேண்டாம் என்றார். எனக்குக் கணக்குப் போட்டே காட்டினார். லைன் நொடிக்கு 10 மெகாபிட். 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட். அப்படியென்றால் நொடிக்கு 1.25 மெகாபைட்தான் வரும். சாதாரண ஹார்டு டிஸ்க்கே நொடிக்கு 100 மெகாபைட் பக்கம் படிக்கும்! முந்தலில் இருந்து நம் ஊருக்கு 17 கொண்டை ஊசி வளைவு ஏறுகிறோமே, அதில் எவ்வளவு பெரிய இன்ஜின் இருந்தாலும் ஜீப் மெதுவாகத்தானே வரணும்? அதே மாதிரி, லைன் குறுகலாக இருக்கும்போது விலை கூடின பிராசசர் சும்மாதான் உட்கார்ந்திருக்கும்.

அதனால் லைனைப் பங்கு போட ஒரு பழைய கம்ப்யூட்டரே போதும். இரண்டு லேன் கார்டு வேண்டும். ஒன்று மோடத்துக்கு, மற்றது ஸ்விட்ச் வழியாக மற்ற கம்ப்யூட்டர்களுக்கு. உள்ளே போட லினக்ஸ் காசில்லாமல் கிடைக்கிறது. பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் கல்லூரியில் படிக்கும்போதே 1991-ல் அதைத் தொடங்கினாராம். பழையதை வாங்கும்போது மதர்போர்டைப் பாருங்கள். கெப்பாசிட்டரின் தலை உப்பியிருந்தால் வாங்கக் கூடாது.

கரண்ட் செலவும் இருக்கிறது. 100 வாட் இழுக்கிற கம்ப்யூட்டர் ராப்பகலாக ஓடினால் ஒரு நாளைக்கு 2.4 யூனிட், 30 நாளைக்கு 72 யூனிட். 10 வாட் பெட்டி என்றால் 7.2 யூனிட்தான். பழையது மலிவு, ஆனால் மாசாமாசம் பில் கேட்கும். இதைச் சித்தப்பா கடைசியில்தான் சொன்னார், நான் முதலிலேயே சொல்லியிருப்பேன்.

மிச்சமான பணத்தை எதில் போடுவது என்பதுதான் முக்கியம். முதலில் யுபிஎஸ், நல்ல எர்த். அடுத்து இரண்டாவது ஹார்டு டிஸ்க். எழுதுவதை எல்லாம் இரண்டிலும் ஒரே நேரத்தில் எழுதும், ஒன்று போனாலும் மற்றது இருக்கும். அது மட்டும் போதாது. இடி இறங்கினால் இரண்டும் சேர்ந்தே போகும். தெரியாமல் அழித்தாலும் இரண்டிலும் அழியும். இடி போன் கம்பி வழியாகவும் வரும் என்பதால், பிளக்கைப் பிடுங்கினால் மட்டும் பத்தாது, மோடத்துக்கு வரும் கம்பியையும் கழற்ற வேண்டும். மானம் கறுக்கும்போதே கழற்றிவிடணும், இடி இடிக்கும்போது தொடவே கூடாது. இன்னொரு பிரதியை வெளியே வேறு இடத்தில் வைக்க வேண்டும்.

ஆபீசில் சித்தப்பா சொன்னபடியே செய்தார்கள். இப்போது சனிக்கிழமைதோறும் கணக்கு எழுதுகிற அக்கா பென் டிரைவில் பிரதி எடுத்துப் போடிக்குக் கொண்டு போகிறார். கங்காணி நோட்டையும் நிறுத்தவில்லை. அம்மா தினமும் அதில் தன் பேருக்கு நேரே குறி விழுந்ததைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருகிறார்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி