பழைய தொலைநகல் கருவி: ஒரு வீட்டுச் சோதனை

தந்திச் சேவையையே 2013 ஜூலையில் மூடிவிட்ட நாட்டில் தொலைநகலைப் பற்றி ஒரு கட்டுரை எதற்கு என்று நண்பர்கள் கேட்கக்கூடும். இயற்பியல் மாணவனுக்கு அது வேண்டும் என்பதே என் எண்ணம். ஒளி, வெப்பம், ஒலி, மின்னோட்டம் என்று பாடநூலில் தனித்தனி இயல்களாகக் கிடப்பவை ஒரே பெட்டிக்குள் கூடி வேலை செய்வதை இதில் காணலாம். பசியாவரம் போன்ற மீனவர் ஊரில் வாழ்பவனுக்கு இதில் வேறோர் அக்கறையும் உண்டு. அதைப் பின்னர் கூறுகிறேன்.

நான் சோதித்தது சென்னையில் ஒரு காயலான் கடையில் வாங்கிய, வெப்பத்தாள் சுருளில் அச்சிடும் பழைய கருவி. ஏரிக்கரை வீட்டில் எந்த மின்கருவிக்கும் முதல் பகை உப்புக்காற்றே. ஆகவே மின்சாரம் கொடுக்கும் முன் மூடியைத் திறந்து, பச்சை பூத்திருந்த இணைப்பு முனைகளைச் சாராயத்தில் நனைத்த மெல்லிய துணியால் துடைத்து, ஒரு நாள் உலரவிட்டேன். தாளை இழுக்கும் ரப்பர் உருளை இறுகிப் பளபளத்தால் பிடிப்பு இழந்து தாளை இழுக்காமல் வழுக்கும். அதையும் துடைக்க வேண்டும்.

முதற் சோதனை தாளுக்கு. வெப்பத்தாளின் பூச்சில் நிறமற்ற சாயமும் அதைக் கறுக்கவைக்கும் பொருளும் கலந்துள்ளன. நகத்தால் அழுத்திக் கீறினால் உராய்வின் சூட்டில் கருங்கோடு விழும். அந்தப் பக்கமே அச்சாகும் பக்கம். சுருளைத் திருப்பிப் போட்டுவிட்டுக் கருவி கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட்டவர்களும் உண்டாம்.

அடுத்து, நகல் பொத்தான். தாளைச் செருகி இதை அழுத்தினால் கருவி தான் படித்ததைத் தானே அச்சிடும். என் நகலில் மேலிருந்து கீழாக ஒரு வெள்ளைக் கோடு விழுந்தது. குற்றம் படிக்கும் கண்ணிலா, அச்சிடும் தலையிலா? இதை அறிய எளிய வழி உண்டு. கருவியின் அமைப்புப் பட்டியலை அச்சிடச் செய்ய வேண்டும். அது நினைவகத்திலிருந்து வருவது. கண்ணுக்கு அதில் வேலை இல்லை. பட்டியலிலும் கோடு விழுந்தால் குற்றம் வெப்பத் தலையில். என் கருவியில் அப்படியே விழுந்தது. தலையைத் துடைத்ததும் கோடு மறைந்தது.

நகல் நன்றாக வந்ததென்று கருவி நல்லதென முடிவு செய்வது பாதிப் பரீட்சை எழுதித் தேர்ச்சி கேட்பது போன்றது. படத்தை ஒலியாக மாற்றிக் கம்பியில் அனுப்பும் மோடம் என்னும் பகுதி இதில் சோதிக்கப்படவே இல்லை. எங்கள் வீட்டிலோ தொலைபேசிக் கம்பி கிடையாது. கைப்பேசி மனிதப் பேச்சுக்கென ஒலியைச் சுருக்குவதால் தொலைநகலின் ஒலி அதில் சிதைந்துவிடும். எனவே பொன்னேரியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் சும்மா கிடந்த இன்னொரு கருவியை இரவல் வாங்கினேன். இரண்டு 9 வோல்ட் மின்கலங்கள், ஒரு 330 ஓம் மின்தடை, இரு கருவிகள் அனைத்தையும் ஒரே வளையமாகத் தொடரில் இணைத்தேன். (இந்த வளையத்தை உண்மையான தொலைபேசிக் கம்பியோடு ஒருபோதும் சேர்க்கக் கூடாது. அதில் ஏற்கெனவே 48 வோல்ட் இருக்கும். மணி அடிக்கையில் இன்னும் கூடுதல்.) மணி ஒலிக்காததால் இரு பக்கமும் ஒலிவாங்கியை எடுத்துத் தொடக்கப் பொத்தானை அழுத்த வேண்டும். தாள் செருகிய கருவி அனுப்பும், செருகாதது பெறும்.

அப்போது கேட்கும் கீச்சொலி வெறும் சத்தமன்று. அழைப்பது 1100 ஹெர்ட்சில் விட்டு விட்டுக் கூவ, பெறுவது 2100 ஹெர்ட்சில் பதில் தருகிறது. பிறகு வினாடிக்கு 300 பிட் வீதம் மெதுவாகப் பேசி, எந்த வேகத்தில் அனுப்புவது என்று இரண்டும் ஒப்பந்தம் செய்துகொள்கின்றன.

1980-இல் வகுக்கப்பட்ட மூன்றாம் தொகுதி நியமப்படி ஒரு வரியில் 1728 புள்ளிகள், மில்லிமீட்டருக்கு 3.85 வரிகள். ஏ4 தாளொன்றில் ஏறக்குறைய 20 லட்சம் புள்ளிகள் ஆகின்றன. வினாடிக்கு 9600 பிட் வீதம் அப்படியே அனுப்பினால் மூன்றரை நிமிடம் பிடிக்கும். ஆனால் கருவி புள்ளி புள்ளியாக அனுப்புவதில்லை. இத்தனை வெள்ளை, இத்தனை கறுப்பு என்று எண்ணிக்கையை அனுப்புகிறது. முழுதும் வெற்றான ஒரு வரிக்கு முடிவுக் குறி உட்பட 29 பிட்டே போதும்.

இங்கேதான் தமிழுக்கு ஓர் இடர். வரிக்கு வரி கால் மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான இடைவெளி. பொடி எழுத்தின் மெய்ப்புள்ளி அந்த இடைவெளியில் சிக்கி மறைகிறது. நான் அனுப்பிய பத்திரிகைத் துணுக்கில் பல 'ல்'கள் 'ல' ஆகிவிட்டன. நுண்முறைப் பொத்தானை அழுத்தினால் வரிகள் இரட்டிப்பாகிப் புள்ளிகள் மீளும், நேரமும் கூடும். புள்ளி போனால் படிப்பவர் ஊகித்துக்கொள்வார். இலக்கத்தை எப்படி ஊகிப்பது? என் தாளில் ஒரு 8 இடப்பக்கம் தேய்ந்து 3 போல் வந்தது. துறைமுகத்தில் ஏற்றும் புயற்கூண்டில் 3 உள்ளூர் எச்சரிக்கை, 8 பேரபாயம்.

நான் முன்பு சொன்ன அக்கறை இதுவே. ஐதராபாத்தில் 1999-இல் தொடங்கிய இந்தியத் தேசியக் கடல் தகவல் சேவை மையம், மீன் கூடக்கூடிய இடங்களைத் திசை, தூரம், ஆழம் எனக் குறித்துக் கடற்கரைகளுக்கு அனுப்பிய வழிகளுள் தொலைநகலும் ஒன்று. அவை முழுக்க இலக்கங்கள்.

இன்னொன்றும் உண்டு. அனுப்பி முடித்ததும் கருவி 'சரி' என்று ஒரு சீட்டு அச்சிடும். எதிர்முனைக் கருவி பக்கத்தைப் பெற்றது என்பதே அதன் பொருள். யார் எடுத்தார், எப்போது படித்தார் என்பது அதற்குத் தெரியாது. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா அருகே நிலம் நடுங்கியது நம் நேரப்படி காலை 6.29-க்கு. வானிலைத் துறையின் தொலைநகல் முதலில் சென்றது, அவ்வாண்டு மே மாதமே பதவி விலகியிருந்த முன்னாள் அமைச்சரின் வீட்டுக்கு என்று பத்திரிகைகள் எழுதின. அப்போது மணி ஏறக்குறைய ஒன்பது. சென்னைக் கரையில் அலை ஏறிவிட்ட வேளை. அந்தக் கருவியும் 'சரி' என்றே சீட்டு அச்சிட்டிருக்க வேண்டும். பழுது கருவியில் இல்லை, எண் குறித்துவைத்த ஏட்டில். 2007 அக்டோபரில் ஐதராபாத் மையத்தில் சுனாமி முன்னெச்சரிக்கைப் பிரிவு தொடங்கியபோது, தொலைநகலோடு மின்னஞ்சல், குறுஞ்செய்தி எனப் பல வழிகளையும் ஒருங்கே வைத்தார்கள்.

என் கருவி இப்போது வீட்டில் நகல் எடுக்கப் பயன்படுகிறது. அக்கம்பக்கத்தார் குடும்ப அட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் கொண்டுவருகிறார்கள். கொடுக்கும்போதே, இது வெயிலிலும் சூட்டிலும் வெளுத்துவிடும், சில மாதங்களுக்கு மேல் தாங்காது என்று சொல்லிவிடுகிறேன். பெட்டியில் பழைய தொலைநகல் கடிதம் வைத்திருப்பவர்கள் எழுத்து தெரியும்போதே அதைச் சாதாரணத் தாளில் ஜெராக்ஸ் எடுத்துக்கொள்வது நல்லது.